சியெம் ரீப்பில் பட்டு வாங்குவோருக்கு: கெமர் மரபு நெசவு நிறுவனத்தின் கடையும் காடும்

அங்கோர் கோயில்களைப் பார்ப்பதற்காகக் கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்குச் செல்கிறவர்கள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு பட்டுத் துணியாவது கொண்டுவர ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள அங்கே நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கின்றன. ஆனால் அழிவின் விளிம்புக்குப் போன ஒரு நெசவு மரபை மீட்பதற்காக வெளிநாட்டாரும் உள்ளூராரும் கைகோத்து உருவாக்கிய இடங்கள் என்று சொல்லத்தக்கவை சிலவே. அவற்றுள் மூன்றை நான் பார்த்தேன். ஜப்பானியச் சாயக் கலைஞர் ஒருவர் தொடங்கிய கெமர் (கம்போடியாவின் பெரும்பான்மை மக்கள்) மரபு நெசவு நிறுவனம் ஒன்று, ஐ.கே.டி.டி. என்ற சுருக்கப் பெயரால் ஊரில் அதைக் கேட்டறியலாம். பிரெஞ்சு, ஐரோப்பிய ஒன்றிய உதவியால் வளர்ந்த ஆர்டிசான்ஸ் அங்கோர் மற்றொன்று. இந்திய அரசின் நிதியில் கட்டப்பட்ட ஆசிய மரபு நெசவு அருங்காட்சியகம் மூன்றாவது. இந்த மதிப்புரை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. துணிக்காகவே துணி வாங்குகிறவர்கள் அங்கேதான் போகவேண்டும் என்பதும், நாலைந்து பேருக்குப் பரிசுப்பொருள் வாங்குகிறவர்களுக்கு ஆர்டிசான்ஸ் அங்கோரே வசதி என்பதும் என் முடிவு.

முதலில், இவை எதற்கும் போகாமல் பழைய சந்தையில் பேரம் பேசி வாங்கிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சந்தையில் அடுக்கடுக்காகத் தொங்கும் வண்ணத் துண்டுகளில் பெரும்பாலானவை செயற்கை இழையால் ஆனவை. ‘சில்க், சில்க்’ என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் விற்கப்படுகின்றன. நான் நின்ற ஒரு கடையில், விலையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் விற்பனையாளர் முகம் கோணாமல் தலையாட்டியபோதே அது பட்டாக இருக்க முடியாது என்று விளங்கிவிட்டது. ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினால் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கக்கூடிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டுவிடும். நம் ஊர்ப் பட்டுக் கடைகளில் பழகியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. உண்மையான பட்டிலுமே இன்னொரு சிக்கல் உண்டு. கம்போடியாவில் நெய்யப்படும் பட்டுக்கான நூலில் பெரும்பகுதி வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இறக்குமதியாவது. நெசவு கம்போடியாவினுடையது, நூல் வெளியூருடையது என்ற நிலையில் அதைக் குறை சொல்ல நமக்கும் முழு உரிமை இல்லை. காஞ்சிபுரத்துப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருவதை நாம் குறையாகக் கருதுவதில்லை. ஆனாலும் நூல், சாயம், நெசவு ஆகிய மூன்றும் ஒரே மண்ணில் நடக்கவேண்டும் என்ற பிடிவாதத்தோடு ஒரு நிறுவனம் அங்கே இயங்குகிறது என்றால், அதன் துணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வருவது சரியாகாது.

அந்தப் பிடிவாதம் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளக் கம்போடியாவின் அண்மை வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1970இல் தொடங்கிய உள்நாட்டுப் போரும், 1975 முதல் 1979 வரை நீடித்த, கெமர் ரூஜ் என்னும் தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியும் அந்நாட்டின் கைவினை மரபுகள் அனைத்தையும் உலுக்கிவிட்டன. மக்கள் நகரங்களிலிருந்தும் சொந்த ஊர்களிலிருந்தும் விரட்டப்பட்டு வயல்களில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டுப்புழுவுக்கு இரையாகும் முசுக்கொட்டைத் தோட்டங்கள் அழிந்தன. எல்லோரும் கறுப்பு உடையே உடுத்த வேண்டியிருந்த அந்த ஆண்டுகளில் வண்ணப் பட்டுக்கு இடமே இல்லை. கட்டம்போட்ட பருத்தித் துண்டான கிரமா மட்டும் எல்லோர் கழுத்திலும் இருந்தது. நம் ஊர்த் துண்டைப் போலத் தலைப்பாகையாகவும் இடுப்புத் துணியாகவும் குழந்தையின் தூளியாகவும் பயன்படும் அந்தக் கிரமாவின் நெசவு மரபு 2024இல் யுனெஸ்கோவின் மரபுசார் பண்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டுக்கு அப்படி ஒரு தொடர்ச்சி வாய்க்கவில்லை. போருக்குப் பின் எஞ்சியவர்கள் வயதான சில பெண்கள். அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தவை எந்தக் காகிதத்திலும் இல்லை.

கியோத்தோ நகரத்தில் பிறந்து, ஜப்பானிய மரபு உடையான கிமோனோவுக்கு யூசென் என்னும் மரபு முறையில் சாயமிடும் தொழிலைப் பயின்ற கிக்குவோ மொரிமோத்தோ இந்தக் கதைக்குள் வருவது தாய்லாந்து எல்லையில் இருந்த அகதி முகாம்கள் வழியாக. 1980களின் தொடக்கத்தில் அங்கே தொண்டராகப் பணியாற்றியபோது தென்கிழக்காசிய நெசவின்மேல் அவருக்கு ஈடுபாடு பிறந்தது. 1995இல் யுனெஸ்கோ அவரைக் கம்போடியப் பட்டு நெசவின் நிலையை ஆராயும்படி அனுப்பியது. ஊர் ஊராகச் சென்று எஞ்சிய நெசவாளிகளைத் தேடிய அவர், அறிக்கையைக் கொடுத்துவிட்டுக் கியோத்தோவுக்குத் திரும்பிவிடவில்லை. 1996இல் புனோம் பென் அருகே இந்த நிறுவனத்தைத் தொடங்கி, 2000இல் அதைச் சியெம் ரீப்புக்கு மாற்றினார். கம்போட், தக்கேயோ ஆகிய தென்மாகாணங்களிலிருந்து மூத்த நெசவாளிகளை வரவழைத்து, அவர்களைச் சுற்றி இளம்பெண்களை உட்காரவைத்தார். அவர் 2017இல் மறைந்தார். நிறுவனம் இன்றும் நடந்துவருகிறது.

நகரத்தில் உள்ள கடை, கால்களின் மேல் உயர்ந்து நிற்கும் மரவீடு ஒன்றில் இருக்கிறது. கண்ணாடிக் கதவோ, வாசலில் நின்று அழைக்கும் பணியாளரோ இல்லை. விளக்கொளியில் பளபளக்கும் காட்சிப்பெட்டிகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஒரு கணம் ஏமாறுவார்கள். கீழ்த்தளத்தில் வேலை நடக்கிறது, மேலே துணிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. வேலை செய்கிறவர்கள் பார்வையாளர்களுக்காக நடிப்பதில்லை. அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டும், பக்கத்தில் தவழும் குழந்தையைக் கவனித்துக்கொண்டும் நூலைப் பிரிக்கிறார்கள். நான் கேட்ட கேள்விகளுக்கு அரைகுறை ஆங்கிலத்திலும் சைகையிலும் பதில் கிடைத்தது. அது போதுமானதாகவும் இருந்தது. தறிப்பள்ளத்தில் கால் வைத்துப் பழகிய யாருக்கும் பாவு (நீளவாட்டு நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எது என்று மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய தேவை இல்லை. வாங்கும்படி யாரும் வற்புறுத்தாத கடையில் நிதானமாக ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்க்கலாம் என்பதே இந்தக் கடையின் முதல் சிறப்பு.

துணிக்கு வருவோம். கெமர் நெசவின் உச்சம் என்று கருதப்படும் துணிக்கு ஹோல் என்று பெயர். இதில் நெய்த பிறகு அச்சிடுவதோ, நெய்த துணியைச் சுங்குடி போல முடிந்து சாயத்தில் தோய்ப்பதோ கிடையாது. நெய்வதற்கு முன்பே ஊடை நூலை ஒரு சட்டத்தில் பரப்பி, எந்த இடத்தில் எந்த நிறம் ஏறக்கூடாதோ அந்த இடத்தை இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு சில கட்டுகளை அவிழ்த்துப் புதிய கட்டுகளைப் போட்டு அடுத்த நிறத்தில் முக்கி, இப்படியே எல்லா நிறங்களையும் நூலிலேயே ஏற்றிவிடுகிறார்கள். ஒடிசாவிலும் தெலங்கானாவின் போச்சம்பள்ளியிலும் நடப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். சந்தைக்கு நெய்கிறவர்கள் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் நாரைப் பயன்படுத்துகிறார்கள். இங்கோ வாழை நார். அது நனைந்தால் இறுகும், அறுத்து எறிந்தால் மண்ணில் மக்கும். கட்டுகிறவர் முன்னால் வரைபடம் எதுவும் இல்லை என்பதைப் பார்த்தபோதுதான் இந்த மரபு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைத்தது. நூற்றுக்கணக்கான உருக்கள் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்த நினைவு இன்னொருவர் கைக்கு மாறாமல் அவர் இறந்திருந்தால், உருவும் அவரோடு போயிருக்கும்.

நெசவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹோல் துணி சாதாரணப் பாவு-ஊடைப் பின்னலாக நெய்யப்படாமல் பாவு நூலைத் தூக்கும் மூன்று விழுதுகளைக் கொண்ட சாய்வரி நெசவாக நெய்யப்படுகிறது. அதனால் ஊடை நூல் ஒரு பக்கத்தில் மிகுதியாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் தெரியும். முன்பக்கம் நிறம் அடர்ந்தும், பின்பக்கம் அதே உரு சற்றே மங்கியும் இருக்கும். அச்சடித்த போலியையும் கட்டி நெய்த துணியையும் பிரித்தறிய இதுவே எளிய வழி. உருக்களின் விளிம்பு கத்தரித்தாற்போல் நேராக இல்லாமல் லேசாகக் கலைந்து இருக்கும். நூல் தறியில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் விளிம்பு கலையும் என்பதால் அது தவிர்க்க முடியாதது. கலைதல் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைக் கொண்டே நெசவாளியின் தேர்ச்சியை மதிப்பிடலாம். நான் பார்த்த ஒரு பழைய பாணி நாகவுருத் துணியில் கலைதல் எந்த இடத்திலும் தடுமாறவில்லை.

நூல் மஞ்சள். தங்கப் பட்டு என்று சுற்றுலாக் கையேடுகள் புகழும் கம்போடியப் பட்டு, மஞ்சள் கூடு கட்டும் நாட்டுப் புழுவிலிருந்து வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகள் மஞ்சள் கூட்டையும் வெண்கூட்டையும் பிரித்துப் பேசுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு கூட்டிலிருந்து கிடைக்கும் நல்ல இழையின் நீளம் வெளிநாட்டு வெண்கூட்டில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் அந்த இழைக்கு ஒரு மென்மையும் கனமும் உண்டு. இயந்திரத்தில் இழுக்காமல், கொதிநீர்ப் பானைக்கு முன் அமர்ந்து கையால் இழுப்பதால் நூலின் கனம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காஞ்சிபுரத்தின் முறுக்கேறிய, விறைப்பான பட்டுக்குப் பழகிய கைக்கு இது முதலில் தளர்ந்ததாகத் தோன்றும். சற்று நேரம் தோளில் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: இது நிமிர்ந்து நிற்கும் துணி அன்று, உடலோடு விழும் துணி.

சாயங்கள் அத்தனையும் இயற்கையானவை. சிவப்புக்கு அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் கொம்பரக்கு, மஞ்சளுக்குப் புரோஹுத் என்னும் உள்ளூர் மரத்தின் பட்டை, நீலத்துக்கு அவுரி, மஞ்சளின்மேல் அவுரி ஏற்றினால் பச்சை, பழுப்புக்கும் கருமைக்கும் நாட்டு வாதாம் இலை போன்றவை. படிகாரமும் இரும்புச் சத்துள்ள நீரும் நிறத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் சாயவேரை ஊறவைத்துச் சிவப்பேற்றிய துணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியச் சந்தைகளுக்குச் சென்றன. நம் கரையில் அந்தச் சாயவேர் வேலை ஏறக்குறைய நின்றுபோன நிலையில், கொம்பரக்குச் சிவப்பை இன்னும் நாள்தோறும் காய்ச்சும் ஓர் இடத்தில் நிற்பது எனக்குச் சிறிது பொறாமையையே தந்தது. அந்தச் சிவப்பு ஒளிர்வதில்லை. நன்றாக ஊறிய வெற்றிலைச் சாற்றின் நிறத்தில், வெளிச்சம் மாற மாறத் தானும் மாறுகிறது.

விலை அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. சாயமேற்றிய கைக்குட்டை போன்ற சிறு பொருள்கள் சில டாலர்களில் கிடைத்துவிடும். ஒற்றை நிறக் கழுத்துத் துண்டுக்குப் பல பத்து டாலர்கள் ஆகும். முழு ஹோல் துணி சில நூறு டாலர்களுக்குக் குறையாது. மூத்த நெசவாளிகளின் வேலை அதற்கும் மேலே போகும். கட்டுவதற்கும் நெய்வதற்கும் மாதக்கணக்கில் ஆகும் துணிக்கு இது கூலிக்கணக்கில் பார்த்தால் மலிவே என்பது என் கருத்து. ஆனால் பயணச் செலவின் நடுவில் அதைச் செலவிட எல்லோராலும் முடியாது. வேறு வரம்புகளும் உண்டு. இங்கே புடவை கிடைக்காது. கெமர் உடையான சம்போத்துக்கென்று நெய்த துணி சுமார் 3 மீட்டர் நீளமே வரும். அதை மேலாடையாக வைத்துக்கொள்ளலாம் அல்லது சுவரில் தொங்கவிடலாம். நிறத் தேர்வு குறைவு. பளிச்சென்ற இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையும் வேண்டுமென்றால் கொம்பரக்கும் புரோஹுத்தும் அவற்றைத் தரமாட்டா. ஒரே மாதிரி இரண்டு துண்டு கேட்டாலும் கிடைக்காது. பிடித்த துணியை இன்று வாங்காமல் நாளை வருகிறேன் என்று போனால் அது அங்கே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கடையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள். நகரத்துக்கு வடக்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அங்கோர் தோம் மாவட்டத்தில் நிறுவனத்தின் கிராமம் இருக்கிறது. சாயமரம் இல்லாமல் சாயம் இல்லை, முசுக்கொட்டை இல்லாமல் புழு இல்லை, காடு இல்லாமல் அரக்குப் பூச்சிக்கு வீடு இல்லை என்பதைக் கணக்கிட்ட மொரிமோத்தோ, 2000களின் தொடக்கத்தில் புதர் மண்டிக்கிடந்த நிலத்தை வாங்கித் திருத்தி, மரம் நட்டு, நெசவாளிகளைக் குடும்பத்தோடு குடியேற்றினார். கடையின் பெயர்ப்பலகையில் எழுதப்படாத முக்கியமான செய்தி இதுதான். ஆண்கள் நிலத்தில் வேலை செய்கிறார்கள், தச்சு வேலை பார்க்கிறார்கள். பெண்கள் கூட்டிலிருந்து நூல் இழுப்பது முதல் நெய்வது வரை எல்லாவற்றையும் செய்கிறார்கள். குழந்தைகள் தறிக்குக் கீழே வளர்கிறார்கள். இந்த வேலைக்காக மொரிமோத்தோவுக்கு 2004இல், கடிகார நிறுவனமான ரோலெக்ஸ் வழங்கும் விருது கிடைத்தது. ஆண்டுக்கொரு முறை புழுக்களுக்காக நடத்தப்படும் விழாவைப் பற்றி ஒரு பெண் சிரித்துக்கொண்டே விளக்கினார். நூலுக்காகக் கொதிநீரில் உயிர்விடும் புழுக்களுக்குப் பிக்குகளை அழைத்து வழிபாடு செய்கிறார்கள். புத்த சமயத்தார் நடத்தும் பட்டுப் பண்ணையில் அது தவிர்க்க முடியாத கணக்குத் தீர்ப்பு.

கிராமத்தில் பார்வையாளர்கள் தாமே ஒரு கைக்குட்டையை முடிந்து சாயமேற்றிக்கொள்ளலாம். குழந்தைகளோடு செல்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. எனக்கோ அதைவிட, சாயப் பட்டைகள் நிழலில் உலரும் கொட்டகையும், பாதி அவிழ்க்கப்பட்ட கட்டுகளோடு சட்டத்தில் இருந்த ஊடை நூலும் பயனுள்ளவையாக இருந்தன. நகரக் கடையில் விலைச் சீட்டைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிறவர்கள் இங்கே அரை நாள் கழித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினால் பேரம் பேச மனம் வராது. நான் பரிந்துரைக்கும் வரிசையும் அதுவே: முதலில் கிராமம், பிறகு கடை.

இனி மற்ற இரண்டையும் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆர்டிசான்ஸ் அங்கோர் 1992இல் தொடங்கப்பட்ட ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. கிராமத்து இளைஞர்களுக்குக் கல் செதுக்கல், மரச் செதுக்கல், அரக்கு மெருகு, பொன்முலாம், பட்டு நெசவு ஆகியவற்றைக் கற்பித்து அவர்களுக்கு வேலையும் கொடுப்பது அதன் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியம் உதவியது, பிறகு நிறுவனம் தன் காலில் நிற்கத் தொடங்கியது. நகரத்தின் நடுவிலுள்ள பட்டறைகளை வழிகாட்டியோடு கட்டணமின்றிச் சுற்றிப் பார்க்கலாம். செவித்திறன் இல்லாத கலைஞர்கள் பட்டில் ஓவியம் தீட்டும் பகுதி அதில் என்னைக் கவர்ந்தது. நகரத்துக்கு மேற்கே புவோக்கில் அவர்களுடைய பட்டுப் பண்ணை இருக்கிறது. முட்டையிலிருந்து துணி வரை எல்லாக் கட்டங்களையும் வரிசையாக, தெளிவாகக் காட்டுகிறார்கள். பட்டு எப்படி உருவாகிறது என்று ஒன்றும் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கடை விரிவானது, ஒழுங்கானது, விலை குறிக்கப்பட்டது, அட்டைப்பெட்டியில் கட்டித் தருவது. அந்த ஒழுங்குக்கு ஒரு விலையும் இருக்கிறது. வடிவங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் வரவேற்பறையை மனத்தில் வைத்து மென்மையாக்கப்பட்டிருக்கின்றன. பழைய ஹோலின் அடர்ந்த நெருக்கம் அங்கே அரிது. ஆனால் நூற்றுக்கணக்கான கைவினைஞர்களுக்கு மாதச் சம்பளம் தரவேண்டிய நிறுவனம், மூன்று மாதத்தில் ஒரு துணி என்ற கணக்கில் இயங்க முடியாது. அதைக் குறையாகச் சொல்வதைவிட, இது வேறு வகை மீட்பு என்று சொல்வதே நியாயம்.

இந்தியாவும் தென்கிழக்காசிய நாடுகள் ஐந்தும் சேர்ந்த மேகொங்-கங்கை ஒத்துழைப்பின்கீழ் 2014இல் திறக்கப்பட்ட ஆசிய மரபு நெசவு அருங்காட்சியகம், கோயில் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இந்தியா, கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளின் துணிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இந்தியப் பகுதியின் முன் நின்றுவிட்டு அடுத்த அறைக்குப் போகும்போது, ஊடை நூலைக் கட்டிச் சாயமேற்றும் ஒரே வேலை நாட்டுக்கு நாடு எப்படி முகம் மாறுகிறது என்பது வேறெங்கும் கிடைக்காத தெளிவோடு தெரிகிறது. ஹோல் வாங்குவதற்கு முன்பாக அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் கண் பழகும். எனினும் அரசுகள் கட்டும் இடங்களுக்கே உரிய ஒரு குறை அதற்கு உண்டு. துணி கண்ணாடிக்குப் பின்னால் போனதும் அதன் எடையும் வாடையும் போய்விடுகின்றன. அடுத்த தலைமுறை நெசவாளி ஒருவர் அங்கே உருவாக வழி இருக்கிறதா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது. வெளிநாட்டு உதவி விற்பனையில் தொடங்கினால் துணியின் வடிவம் வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைகிறது. கட்டடத்தில் தொடங்கினால் துணி கண்ணாடிக்குப் பின் போகிறது. மரம் நடுவதில் தொடங்கினால் பலன் தாமதமாகவும் சிறிதாகவும் வருகிறது, ஆனால் வருவது பழைய துணியாகவே வருகிறது. ஐ.கே.டி.டி.யின் வழியில் ஆபத்தும் இருக்கிறது. ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் பிறந்த நிறுவனம், அவருக்குப் பிறகு அதே தரத்தில் நிற்பது எளிதன்று. அதன் வாடிக்கையாளர்களிலும் ஆதரவாளர்களிலும் பெரும்பாலோர் ஜப்பானியர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் சியெம் ரீப்புக்குப் பயணிகள் வருவது நின்றுபோனபோது, பயணிகளை நம்பிய கைவினைகள் எல்லாம் பட்ட பாட்டை இதுவும் பட்டிருக்கும். கம்போடியர்களே, ஒரு திருமணத்துக்காவது, இந்தத் துணியை வாங்கும் நிலை வராதவரை அந்த ஆபத்து நீங்காது. உள்ளூர்த் திருமணங்களுக்கு இப்போது பளபளப்பான, விரைவில் நெய்த துணிகளே வாடகைக்கும் விலைக்கும் போகின்றன.

ஒரு ஜப்பானியர் கெமர் நெசவை மீட்டார் என்பதில் முரண் இருப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். 1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதர் ஜோ டாகுவான் எழுதிவைத்த குறிப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. அண்மையில் குடியேறிய சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டவரே பட்டுப்புழு வளர்க்கிறார்கள், புழுவும் முசுக்கொட்டையும் சயாமிலிருந்து வந்தவை, உள்ளூரார் மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து வரும் துணியையே மிகச் சிறந்ததாகக் கருதுகிறார்கள் என்று அவர் எழுதுகிறார். அந்த மேற்குக் கடல் துணி இந்தியத் துணிதான். பின்னாளில், நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யும் குஜராத்தின் பட்டோலாத் துணிகள் தென்கிழக்காசிய அரசவைகளுக்குச் சென்று, அங்குள்ள கட்டுச்சாய உருக்களில் தம் சாயலை விட்டன. எனவே இந்த நெசவு ஒருபோதும் ஒரே நாட்டுக்குள் பிறந்து வளர்ந்ததில்லை. கியோத்தோவிலிருந்து வந்தவர் கடைசியாகச் சேர்ந்த கை, அவ்வளவுதான்.

செல்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கிராமத்துக்குப் போகத் துக்-துக்கை (நம் ஊர் ஆட்டோ போன்ற வண்டி) அரை நாளுக்கு அமர்த்திக்கொள்வது நல்லது. அதே பாதையில் பாந்தே ஸ்ரேய் கோயிலையும் திட்டமிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே கடையில் சொல்லிவிட்டுப் போனால் எந்த வேலை எந்த நாளில் நடக்கிறது என்று தெரியும். சாயம் காய்ச்சும் நாளில் போவது சிறப்பு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலும் மழையும் குறைவு. கம்போடியாவில் அமெரிக்க டாலர் எங்கும் செல்லும், ஆனால் கிழிந்த, கறைபட்ட நோட்டுகளை வாங்க மறுப்பார்கள். ஆகவே புதிய நோட்டுகளாகக் கொண்டுசெல்லுங்கள். துணியை வாங்கும்போது ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள். யார் கட்டியது, யார் நெய்தது என்று கேளுங்கள், அந்தப் பெண் கீழ்த்தளத்திலேயே இருக்கக்கூடும். வீட்டுக்கு வந்தபின் முதல் சில முறை தனியாக, குளிர்ந்த நீரில், சோப்புத்தூள் இல்லாமல் அலசி நிழலில் உலர்த்துங்கள். அவுரி நீலம் கொஞ்சம் கசியும், கொம்பரக்குச் சிவப்பு எலுமிச்சைச் சாறோ வியர்வையோ பட்டால் திட்டாக நிறம் மாறும். அந்துருண்டையை நேராகத் துணியின்மேல் வைக்காமல், பழைய பருத்தி வேட்டியில் சுற்றிவைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை மடிப்பை மாற்றிப் போட்டால் போதும்.